கண்மாயில் என்ன கோளாறு? சீமைக் கருவேலம் முதல் டேங்க் கிளீனர் மீன் வரை, அறிகுறி வாரியாக

எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம். மழை வந்தால் நெல், பாதி வந்தால் மிளகாய், வராவிட்டால் விறகைக் கரியாக்கும் கரிமூட்டம். ஆறு வருடத்துக்கு முன்னால் கண்மாயைச் சுத்தம் செய்கிறோம் என்று இளவட்டங்கள் பத்துப் பேர் இறங்கினோம். முதல் இரண்டு வருடம் செய்ததில் பெரும்பகுதி தப்பு. அப்புறம்தான் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். இப்போது பக்கத்து ஊர்க்காரர்கள் போன் போட்டுக் கேட்டால், "கண்ணுக்கு என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் கண்மாயிலோ ஊருணியிலோ என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் ஒன்று. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் கண்மாய் பெரும்பாலும் நீர்வளத் துறையின் கையில் இருக்கும். அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். புறம்போக்கில் நிற்கும் மரம், முள் மரமானாலும், யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளும் மரம் கிடையாது. எழுதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள். 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது, மனுவில் அதைக் குறிப்பிட்டால் கொஞ்சம் மரியாதையாகப் படிப்பார்கள்.

சீமைக் கருவேலமா, நாட்டுக் கருவேலமா? பார்த்தால் தெரியவில்லை

சிரிக்காதீர்கள். நாங்கள் முதல் வருடம் வெட்டியதில் பதினோரு மரம் நாட்டுக் கருவேலம். சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உள்பகுதி) வேண்டும் என்றே நட்டு வளர்த்த மரங்கள். பொக்லைன் ஓட்டுநருக்கு இரண்டும் முள்தான்.

பூவும் காயும் இருந்தால் குழப்பமே வராது. நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, மூக்குத்தி மாதிரி. சீமைக் கருவேலத்துக்கு விரல் நீளத்தில் தொங்கும் வெளிர்மஞ்சள் கதிர். காய் இன்னும் சுலபம்: நாட்டுக் கருவேலத்தின் காய் மணி மணியாக இடுக்கி, கோத்த மாலைபோலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். சீமையின் காய் பயற்றங்காய்போல நீண்டு, பழுத்தால் வைக்கோல் நிறம், கடித்தால் இனிக்கும். இந்த இனிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை அதிலிருந்துதான் வருகிறது.

பூவும் இல்லை, காயும் இல்லை என்றால் மரத்தின் ஆளைப் பாருங்கள். நாட்டுக் கருவேலம் கருத்த, வெடித்த பட்டையோடு ஒற்றைத் தண்டாக நிற்கும். சீமை அடியிலிருந்தே நாலைந்து கிளையாகப் பிரிந்து தரையைப் பார்த்து வளையும். குடைபோல விரிந்து நிற்பது உடை. அதையும் விட்டுவிடுங்கள். வன்னி சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் நம்முடைய மரம். அதன் முள் சின்னது, கூம்பு மாதிரி, சீமைக்கு இருப்பதுபோல இலைக்கணுவில் நீளமாகக் குத்திட்டு நிற்காது. சந்தேகம் தீராத மரத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு நிறுத்திவையுங்கள். பூக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

வெட்டினோம், ஆறே மாதத்தில் முன்னைவிடப் புதராகத் தழைத்துவிட்டது

எனக்கு வரும் போனில் பாதி இதுதான்.

எங்களுக்கும் இதுவே நடந்தது. மாசியில் பத்து நாள் பொக்லைன் ஓடியது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்தக்காரர் மரத்தைத் தரைமட்டத்துக்கு ஒடித்து எடுத்துக்கொண்டு, கண்மாய் பளிச்சென்று தெரிகிறது பாருங்கள் என்று பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி மழை விழுந்தது. தை மாதம் போய்ப் பார்த்தால், ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு. கரிமூட்டம் போடும் அக்கா ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்களும் இப்படித்தான் தம்பி வெட்டுவோம். மூணு வருசத்துல திரும்ப வெட்டிக்கலாம்ல." அழிக்கிறோம் என்று நினைத்து நாங்கள் செய்தது அசல் விறகு சாகுபடி.

ஏன் தழைக்கிறது என்று தெரிய ஒரு கட்டையை மட்டும் நீங்களே தோண்டிப் பாருங்கள். சுற்றி மண்ணை விலக்கிக்கொண்டே போனால், தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் கழுத்துபோல ஒரு பருத்த பகுதி வரும். பட்டை அங்கே சொரசொரப்பாக, சின்னச் சின்ன முண்டுகளோடு இருக்கும். அந்த முண்டுகள் உறங்கும் மொட்டுகள். மேலே வெட்டு விழுந்ததும் விழித்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் வேர் வழவழவென்று செம்பழுப்பாக இருக்கும், அங்கே மொட்டு கிடையாது. ஆகவே வெட்டு விழ வேண்டிய இடம் அந்தக் கழுத்துக்குக் கீழே. தரையிலிருந்து ஒரு சாணாவது இறங்க வேண்டும். வண்டல் படிந்த உள்வாயில் கழுத்து புதைந்து கிடக்கும், அங்கே ஒரு முழம்.

ஆணிவேர் முழுவதையும் எடுக்க வேண்டுமா? வேண்டாம், எடுக்கவும் முடியாது. இந்தச் சாதி மரத்தின் வேர் ஐம்பது மீட்டருக்கும் கீழே போயிருந்ததை அமெரிக்காவில் ஒரு சுரங்கத்தில் கண்டிருக்கிறார்கள். கழுத்து போனால் போதும், மிச்சம் மண்ணிலேயே மக்கிவிடும்.

வேலைமுறையை இப்படி மாற்றினோம். பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை, ஏக்கர் கணக்கு கிடையாது. ஏக்கருக்குப் பேசினால் வேகமாக முடிக்கத்தான் பார்ப்பார்கள், தூர் (வேரோடு சேர்ந்த அடிக்கட்டை) உள்ளேயே நின்றுவிடும். மரத்தை ஒடிக்காமல், வாளியின் பல்லைத் தூருக்கு அடியில் கொடுத்து நெம்பிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். ஒடிந்தால் ஓட்டுநரை நிறுத்தி, அந்த இடத்தில் ஒரு கொடிக் குச்சி நடுங்கள். சாயங்காலம் ஆள் வைத்துக் குச்சி குச்சியாகப் போய்த் தோண்டலாம். எடுத்த தூர்க்கட்டை வீணில்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் விரும்பி எடுப்பார்கள், எங்களுக்கு டீசல் செலவில் ஒரு பங்கு அதிலேயே வந்தது.

ஏற்கெனவே ஒடித்துவிட்டீர்களா? தளிர் முழங்கால் உயரம் வந்ததும் பிடுங்கக் கிளம்பாதீர்கள், தளிர்தான் கையோடு வரும். கட்டையைத் தேடித் தோண்டுவதைத் தவிர வழியில்லை. டீசல் ஊற்றலாம், களைக்கொல்லி தடவலாம் என்று சொல்லுவார்கள். ஆடு மாடும் சில ஊரில் ஆளும் குடிக்கிற தண்ணீர் அது, எங்கள் கண்மாயில் அனுமதிப்பதில்லை என்று ஊர்க்கூட்டத்திலேயே பேசி முடித்துவிட்டோம்.

முள் பற்றி ஒரு வார்த்தை. செருப்பைத் தாண்டி ஏறும். ஏறி ஒடிந்தால் சீழ் வைத்து வாரக்கணக்கில் படுத்தும். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கெட்டியான பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், குத்தினால் டி.டி. ஊசி.

தூரோடு எடுத்தோம், ஆனாலும் மழைக்குப் பின் கன்று கன்றாக முளைக்கிறது

இது தூர் தழைப்பது இல்லை, விதை முளைப்பது. வித்தியாசம் தெரிய ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். ஒற்றை நூல்வேரோடு முழுசாக வந்தால் கன்று. பக்கவாட்டில் ஒடிந்தால் தழைவு.

விதை எங்கிருந்து வருகிறது? கண்மாய்க்குள் காய்ந்து கிடக்கும் மாட்டுச் சாண வரட்டி ஒன்றை எடுத்து உடையுங்கள். நார் நாராகப் பிரியும்போது பழுப்பு நிறத்தில் சிறு விதைகள் உதிரும், கடித்தால் பல் போகும் அளவுக்குக் கெட்டி. நான் ஒரு வரட்டியில் முப்பத்திநாலு எண்ணினேன். மாடு இனிப்புக்காகக் காயைத் தின்கிறது, சதை செரிக்கிறது, விதை செரிப்பதில்லை. வயிற்றைக் கடந்து வந்ததில் ஓடு சற்று இளகி முளைப்பதற்குத் தோதாகிவிடுகிறது. போதாததற்குச் சாணமே எருவும் ஆகிறது. முதல் மழை முடிந்து ஒரு வாரத்தில் அதே வரட்டியைப் பார்த்தால், தட்டில் முளைகட்டிய வெந்தயம்போலப் பச்சை மண்டியிருக்கும். ஆட்டுக் கிடை போட்ட வயலில் கருவேலம் முளைப்பதும் இதனால்தான். கிடை போட்டவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. கோடையில் வேறு என்ன தீனி இருக்கிறது அவருக்கு?

செய்ய வேண்டியது மூன்று. மரம் எடுப்பதைக் காய் முற்றுவதற்கு முன் முடியுங்கள். எங்கள் பக்கம் பங்குனி தாண்டினால் காய் உதிரத் தொடங்கிவிடும், அதற்கப்புறம் பொக்லைன் ஓடினால் அது விதைப்பு இயந்திரம்தான். விட்டுவைத்த மரங்களின் காயைப் பொறுக்கி, அரைத்து மாவாக்கித் தீவனத்தில் கொஞ்சமாகக் கலக்கலாம். அரைபட்ட விதை முளைக்காது. காயை மட்டுமே தீனியாகப் போட்டால் மாடு நோய்ப்படும், அளவு முக்கியம்.

மூன்றாவதுதான் உண்மையான வேலை. மழை விட்ட பத்தாம் நாள், மண் ஈரமாக இருக்கும்போதே, கன்று ஒரு சாணுக்குள் இருக்கும்போதே, கையால் பிடுங்குவது. நூறு நாள் வேலைக்காரர்கள் நாலு பேர் அரை நாளில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறார்கள். அடுத்த மாசி வரை விட்டால் அதே வேலைக்குக் கடப்பாரை வேண்டும், அதற்கடுத்த வருடம் பொக்லைன் வேண்டும். மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். ஆகவே வசூல் செய்கிற பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: இந்த வருட பொக்லைனுக்கு ஒரு பங்கு, அடுத்த இரண்டு ஐப்பசிக் கூலிக்கு இரண்டு பங்கு. 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின, ஞாபகம் இருக்கும். அதில் பல இடம் இன்றைக்கு மறுபடி காடு. மரம் எடுக்கப் பணம் இருந்தது, கன்று பிடுங்க யாரும் ஒதுக்கவில்லை.

கரையில் தூர் எடுத்த இடத்தில் தண்ணீர் கசிகிறது

உடனே கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கசிவு தெளிந்த தண்ணீராக இருந்தால் நேரம் இருக்கிறது. கலங்கி மண்ணோடு வந்தால் உள்ளே குழாய்போல ஓட்டை அரிக்கிறது என்று அர்த்தம். மணல் மூட்டையைக் கசிவு வாயைச் சுற்றி வட்டமாக அடுக்கி, தண்ணீரை அதற்குள் தேக்கி அழுத்தத்தைக் குறையுங்கள். வாயை மட்டும் அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். மடையைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள், அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

கரையில் நிற்கும் மரத்துக்கு மேலே சொன்ன வைத்தியம் பொருந்தாது. அங்கே தூரை நெம்பினால் கரையின் வயிற்றில் குழி விழும். கோடையில் மட்டும், ஒவ்வொன்றாக, கையால் தோண்டி, குழியைக் களிமண்ணால் அரையடி அரையடியாக நிரப்பித் திமிசு போட்டு இடிக்க வேண்டும். மழைக்கு மூன்று மாதம் இல்லையென்றால் தொடாதீர்கள். தரையோடு வெட்டிவிட்டு, மாதம் ஒருமுறை தளிரைக் கிள்ளிக்கொண்டே இருங்கள். இலையே விடாத கட்டை ஒரு நாள் ஓய்ந்துபோகும், பொறுமை வேண்டும்.

வெட்ட வேண்டிய மரத்தில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கின்றன

அப்படியானால் வெட்ட வேண்டிய மரம் இல்லை, இந்த வருடத்துக்கு. எங்கள் மாவட்டத்தில் காஞ்சிரங்குளமும் சித்திரங்குடியும் பறவைகள் சரணாலயங்கள், இரண்டும் இன்றைக்கு ராம்சார் தலங்கள் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள்). அங்கேயே பறவைகள் சீமைக் கருவேலத்தில் கூடு கட்டுகின்றன. உள்ளூர் மரங்கள் போன இடத்தில் அவற்றுக்குக் கிடைத்தது அதுதான். மழை முடிந்து கூடு கட்டினால் குஞ்சு பறக்கக் கோடை வரை ஆகும்.

நாங்கள் செய்தது: உள்வாயின் நடுவில் கூடு இருந்த முப்பது மரத்தை அப்படியே விட்டு, சுற்றி நாட்டுக் கருவேலமும் நீர்மருதும் நட்டோம். அவை கிளை விரித்த பிறகு முள் மரத்தை ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று கணக்கு. அதுவரை அந்த முப்பது மரத்தின் காயைக் கூட்டிப் பெருக்குவது ஒரு வேலைதான். செய்கிறோம்.

முள் போன இடத்தில் வெள்ளைப் பூச்செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது, பிடுங்கியவர்களுக்கு அரிப்பு

பார்த்தீனியம். இலை செவ்வந்தி இலைபோல வெட்டு வெட்டாக, பூ கொத்தமல்லிப் பூவைவிடச் சற்றுப் பெரிதாக வெள்ளைப் புள்ளிகளாக இருக்கும். 1950-களின் நடுவில் புனே பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்று சொல்வார்கள்.

செடியைவிட அது ஏன் வந்தது என்று பாருங்கள். முள்ளை எடுத்துவிட்டு மண்ணைச் சும்மா போட்டோம். புரட்டிய மண், நல்ல வெயில், போட்டிக்கு ஆளில்லை. வேறொன்றும் நடாவிட்டால் இது வரத்தான் செய்யும். பூப்பதற்கு முன், மண் ஈரத்தில், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். பாதை ஓரம், களத்து ஓரம் போன்ற சாகுபடி இல்லாத இடத்தில் லிட்டருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து தெளித்தால் கருகும். வயலில் உப்பைத் தெளித்துவிட்டு என்னிடம் வராதீர்கள். மழைக்காலத்தில் இலையை வெள்ளை உடம்பில் பழுப்புக் கோடு போட்ட சிறு வண்டுகள் தின்பதைக் கண்டால் அந்தப் பாத்தியை விட்டுவிடுங்கள். மெக்சிகோவிலிருந்து இதற்காகவே கொண்டுவந்து 1984-இல் பெங்களூரில் விட்ட வண்டின் வம்சம் அது.

பிடுங்கிய கையோடு அறுகம்புல் கரணையும் வெட்டிவேரும் கரைச்சரிவில் ஊன்றுங்கள். கரையின் வெளிப்பக்கம் பனங்கொட்டை, புங்கன். ஆவணி புரட்டாசியில் போட்டால் மழை பார்த்துக்கொள்ளும்.

வரத்துக்காலில் வெட்டிப்போட்ட குச்சியெல்லாம் முளைத்துவிட்டது

ஊதாக் குழல்பூ, இதய வடிவ இலை, உள்ளே கூடான தண்டு, ஒடித்தால் பால்: நெய்வேலிக் காட்டாமணக்கு. பெயரில் நெய்வேலி இருந்தாலும் சொந்த ஊர் தென் அமெரிக்கா. சேற்றில் விழுந்த ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. வெட்டிக் கரையில் போட்டதுதான் தப்பு. வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) வறண்டு கிடக்கும்போது வேரோடு எடுத்து, ஒரு துண்டு விடாமல் மேட்டுக்கு ஏற்றி, வெயிலில் சருகாகும்வரை காயவிடுங்கள். நடவுக்குத் தொழி மிதிக்கும்போது தழையாகவும் போடலாம், பழைய ஆட்கள் போட்டதுதான், நன்றாக மிதித்து அழுகவிட வேண்டும். வெள்ளாடு இதைத் தின்று பழகிவிட்டால் நரம்பு கெட்டுத் தள்ளாடும்.

ஊருணி பச்சைப் பாயாக மூடிவிட்டது, விடியற்காலையில் மீன் வாயைத் திறந்து மேலே வருகிறது

எல்லோரும் ஆகாயத்தாமரை என்கிறார்கள். இலைக்காம்பு வெங்காயம்போல உப்பி, ஊதாப் பூ விட்டால் அது வெங்காயத்தாமரை. ரோஜாப்பூபோல இலையடுக்கோடு உப்பல் இல்லாமல் மிதப்பதுதான் சரியான ஆகாயத்தாமரை. வைத்தியம் ஏறக்குறைய ஒன்று.

மீன் விடியற்காலையில் திணறுவது ஏனென்றால், செடியும் மீனும் இரவெல்லாம் மூச்சுவிட்டுத் தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நேரம் அது. மேலே பாய், காற்றும் வெளிச்சமும் இறங்குவதில்லை. கீழே அழுகும் இலை, அதுவும் ஆக்சிஜனைத் தின்கிறது.

அள்ளுவதற்கு முன் கரையைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தக் குழாய் உள்ளே விழுகிறது என்று பாருங்கள். இந்தச் செடி சத்துள்ள தண்ணீரில்தான் கொழிக்கும். சத்து என்றால் சாக்கடை, சோப்புத் தண்ணீர், வயலின் யூரியா. நல்ல வெயிலில் சாக்கடையும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். குழாயைத் திருப்பாமல் அள்ளினால் வருடாவருடம் அள்ளலாம். எங்கள் ஊருணியில் மூன்று வீட்டுக் குழாய். அதில் ஒன்று எங்கள் பெரியப்பா வீட்டுடையது, செடியை அள்ளியதைவிட அவரைச் சம்மதிக்கவைத்ததுதான் பெரிய வேலை.

அள்ளும்போது ஒரு மூலையிலிருந்து மூங்கில் மிதவை கட்டி ஒதுக்கிக்கொண்டே வாருங்கள். நடுவில் இறங்கினால் துண்டு துண்டாகச் சிதறும். கரையில் குவித்தால் அழுகிய சாறு திரும்ப ஊருணிக்கே போகும். தொலைவில் பரப்பிக் காயவிட்டால் குவியல் வற்றி ஒன்றுமில்லாமல் போகும், பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தானே. சாணத்தோடு சேர்த்து மக்கவைத்துத் தென்னைக்குப் போட்டோம். தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நியோகெட்டினா என்ற கூன்வண்டு 1980-களிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. பெரிய ஏரிகளுக்கு நல்லது, வருடக்கணக்கில் ஆகும். சின்ன ஊருணிக்குக் கைதான்.

வலையில் பொடி மீன்தான், வலையும் கிழிகிறது

இரண்டும் வேறு வேறு குற்றவாளி. கெண்டை விட்டும் வளரவில்லை, உள்ளங்கைக்குள் அடங்கும் மீனாகவே வருகிறது என்றால் ஜிலேபிக் கெண்டை. 1952-இல் வளர்ப்புக்காக இந்தியாவுக்கு வந்தது. முட்டையைத் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், அதனால் பெருக்கம் அதிகம், தீனிக்குப் போட்டி, எல்லாமே குட்டை. தண்ணீர் வற்றும்போது சேற்றில் தட்டு தட்டாகக் குழி தெரிந்தால் அது ஆண்மீன் பறித்த முட்டைக் குழி. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் கடைசிச் சேறு வரை காயவிட்டுப் புதுக்குஞ்சு விட வேண்டும். பாதிக் குழியில் தண்ணீர் நின்றாலும் அடுத்த வருடம் அதே கதை. விரால் சேர்த்து விட்டால் பொடியைத் தின்று தீர்க்கும்.

வலையைக் கிழிப்பது டேங்க் கிளீனர். கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் என்று கடையில் விரல் நீளத்தில் வாங்கி, அது முழங்கை நீளம் ஆனதும் யாரோ புண்ணியவான் கண்மாயில் விட்டிருப்பார். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள், கரையில் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது. எனக்குப் பயம் வலையைப் பற்றி இல்லை, கரையைப் பற்றி. நீர்மட்டத்தை ஒட்டிக் கரையில் கை நுழையும் ஓட்டைகள் வரிசையாக இருந்தால் நண்டு வளை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். இந்த மீன் முட்டையிட முழக்கணக்கில் வளை பறிக்கும். கோடையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் ஒதுங்கும்போது அத்தனையையும் பிடித்துப் புதைத்துவிடுங்கள், வளையைக் களிமண்ணால் இடித்து மூடுங்கள். பாவம் பார்த்து ஒன்றைத் தண்ணீரில் எறிகிற ஆள் எங்கள் குழுவிலேயே ஒருவர் இருந்தார்.

நர்சரிக் கன்று நட்ட பிறகு பப்பாளியும் கீரையும் இரவோடு இரவாகக் காணாமல் போகின்றன

காலையில் மண்ணில் வெள்ளிக் கோடு காய்ந்து கிடந்தால், சுவரின் சுண்ணாம்பு சுரண்டியிருந்தால், ஆப்பிரிக்கப் பெருநத்தை. 1847-இல் கல்கத்தாவில் ஒரு ஆங்கிலேயர் தோட்டத்தில் விட்டது, இன்றைக்கு உங்கள் மண் தொட்டியில் வந்திருக்கிறது. நர்சரி மண்ணை உதிர்த்துப் பாருங்கள், ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் இருக்கும். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ போட்டால் விடிவதற்குள் கூடிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, பிறகு புதையுங்கள். வெறுங்கை வேண்டாம், மூளையைத் தாக்கும் ஒரு புழு இதன் மூலம் வரும். தோட்டத்துக் கீரையை நன்றாக அலசுங்கள்.

எல்லாம் எடுத்தாயிற்று, ஆனாலும் கண்மாயில் தண்ணீர் நிற்கவில்லை

சீமைக் கருவேலம் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அதை எடுத்தால் மழை கொட்டும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இறங்கியவர்கள் கேட்கும் கேள்வி இது. மரம் ஆழத்தில் வேர் விட்டு நிலத்தடி நீரை எடுக்கும், வரத்துக்காலை அடைக்கும், உள்வாயில் வண்டலைப் பிடித்துவைக்கும். அதெல்லாம் நிஜம். மழையைத் தடுத்து நிறுத்தும் சக்தி அதற்குக் கிடையாது. 1877-இல் கடப்பைப் பக்கம் விதை வந்து இறங்குவதற்கு முன்னாலும் எங்கள் சீமை வறண்ட சீமைதான்.

ஆகவே கண்மாயை விட்டுவிட்டு மேலே நடங்கள். கலுங்கிலிருந்து (மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) இல்லை, தண்ணீர் புறப்படும் இடத்திலிருந்து. மேல்கண்மாயின் கலுங்கில் தொடங்கி வரத்துக்காலோடு உங்கள் கண்மாய் வரை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள், கையில் கம்போடு. எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறதோ அங்கே கோளாறு.

நாங்கள் ஐந்தாம் வருடம்தான் நடந்தோம். நாலு கிலோமீட்டர். மூன்று இடத்தில் கால் வயலாகியிருந்தது, உழுதவர்களிடம் பேசினோம், அளந்து விட்டுக் கொடுத்தார்கள். நாலாவது இடம் தார் ரோடு. கீழே பாலக் குழாய் வைத்திருந்தார்கள், நல்ல அகலமான குழாய்தான். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய் மட்டம்) பிடித்துப் பார்த்தால், குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கிறது. இரண்டேகால் அடி வெள்ளம் வந்தால்தான் எங்களுக்கு ஒரு சொட்டு. படம் பிடித்து, அளவு எழுதி, மனு கொடுத்திருக்கிறோம். இரண்டாவது நினைவூட்டல் போன வாரம் போனது.